மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களை நாமே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் கணினிக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்று சொந்தமாக ஸ்பீக்கர் செய்ய முனைகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. கடையில நூறு வெள்ளிக்கு ஜோடியாவே கிடைக்குது. நானே செஞ்சா மிச்சமாகுமா அண்ணே?

மிச்சமாகாது. நல்ல டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பும் காந்தமும் கொண்ட பாகம்) இரண்டு, ஆம்ப்ளிஃபையர் பலகை, மின் அடாப்டர், பெட்டிக்கான பலகை, பசை, சாயம் ஆகியவற்றைக் கூட்டினாலே அந்த நூறு வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிடும். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் கடையில் வாங்குவதே சரி.

சொந்தமாகச் செய்வதில் கிடைப்பது வேறு. மலிவான ஜோடிகளில் பணம் விளக்குக்கும் வெளித்தோற்றத்துக்கும் போய்விடுகிறது; டிரைவருக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது சொற்பம். நீங்களே செய்யும்போது அந்தப் பங்கீட்டை மாற்றி அமைக்கலாம். பழுதானால் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2. டுவீட்டர் இல்லாம ஒரே டிரைவர் வெச்சா போதுமா?

டுவீட்டர் என்பது உயர்ந்த ஒலிக்கு மட்டுமான சிறு டிரைவர். முதல் ஜோடிக்கு அது இல்லாமலே போதும் என்பது என் உறுதியான கருத்து. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை தானே தரும் 3 அங்குல முழுவீச்சு டிரைவர் ஒன்றைப் பெட்டிக்கு ஒன்றாக வைத்தால், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்று தேவைப்படாது. முதன்முறை செய்பவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் அந்தச் சுற்றுதான், பெட்டி அன்று.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒலியின் அலைநீளம் கூம்பின் அகலத்தளவுக்குச் சுருங்கும்போது ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் நேர்முகமாகக் குவியத் தொடங்கும். ஏறத்தாழ 6.5 செ.மீ. விட்டமுள்ள கூம்புக்கு இது 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழ்கிறது. கூடத்தில் பத்துப் பேர் கேட்பதற்கு இது குறைதான். மேசைமுன் ஒருவர் ஒரே இடத்தில் அமர்ந்து கேட்பதற்கோ, ஸ்பீக்கர்களை முகத்தை நோக்கிச் சற்றே திருப்பி வைத்தால் போதும்.

3. சாமான் எல்லாம் எங்க வாங்குறது?

கோலாலம்பூர் ஜாலான் பசார் மின்னணுச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற தெரு. மின்தேக்கி, கம்பி, முனைகள் போன்றவற்றை அங்கே நேரில் பார்த்து வாங்கலாம். டிரைவர்களைப் பெரும்பாலும் இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். டேங் பேண்ட், டேட்டன் ஆடியோ, மார்க் ஆடியோ போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களுக்கு முழுமையான அளவீட்டுத் தாளை வெளியிடுகின்றன. தாள் இல்லாத டிரைவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

4. அந்தத் தாள்ல எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ்னு என்னென்னமோ போட்டிருக்கு. இதெல்லாம் படிச்சே ஆகணுமா?

மூன்றை மட்டும் படித்தால் போதும். எஃப்எஸ் என்பது பெட்டியில் பொருத்தாத நிலையில் கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண். அதற்குக் கீழே டிரைவரின் ஒலி விரைவாகக் குறையும். க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் நிற்கிறது என்பதைக் காட்டும் எண். சிறிதாக இருந்தால் காந்தத்தின் பிடி வலுவாக இருக்கிறது என்று கொள்ளலாம். வாஸ் என்பது கூம்பைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்ச்சிக்கு நிகரான காற்றின் கொள்ளளவு. இது லிட்டரில் தரப்படும்.

இந்த எண்களைக் கொண்டு பெட்டியைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961இல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். அதற்கு முன் பெட்டி செய்வதில் அனுபவமும் ஊகமுமே கைகொடுத்தன. இன்று வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் இந்த எண்களை இட்டால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி வரும் என்பதைக் காட்டும் வளைகோடு வந்துவிடும். ஆயினும் ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

5. பெட்டி பெருசா செஞ்சா பேஸ் கூடும்தானே?

பெட்டி பெருத்தால் பேஸ், அதாவது ஆழ்ந்த ஒலி, கூடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மூடிய பெட்டிக்கான வாய்பாடு எளிது: வாஸைப் பெட்டியின் உட்கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணால் எஃப்எஸைப் பெருக்கினால் பெட்டிக்குள் டிரைவர் அதிரும் அதிர்வெண் வரும். அதே எண்ணால் க்யூடிஎஸைப் பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த க்யூ மதிப்பு வரும்.

எஃப்எஸ் 100 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, வாஸ் 2 லிட்டர் கொண்ட ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் பெட்டியில் பெருக்கெண் 1.414, அதிர்வெண் 141 ஹெர்ட்ஸ், க்யூ 0.707. ஒலி 3 டெசிபல் குறையும் இடமும் அதே 141 ஹெர்ட்ஸ். பெட்டியை 4 லிட்டராக்கினால் அந்த இடம் ஏறத்தாழ 144 ஹெர்ட்ஸ். 1 லிட்டராகச் சுருக்கினால் 147 ஹெர்ட்ஸ். அதாவது, பெட்டி நான்கு மடங்கு பெருத்தும் இந்த எண் அசையவே இல்லை எனலாம். 0.707 என்ற க்யூவைப் பலரும் குறிவைப்பதற்குக் காரணம், அங்குதான் இந்த எண் மிகக் குறைவாக இருக்கிறது என்பதே.

பெரிய பெட்டியால் பயனே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. மிக ஆழ்ந்த பகுதியில் 4 லிட்டர் பெட்டி 2 லிட்டர் பெட்டியைவிட 2.5 டெசிபல் வரை கூடுதலாகத் தரும். ஆனால் அந்த ஆழத்தில் இரண்டுமே ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கும். மேசையில் இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பெட்டிக்கு இந்த ஆதாயம் போதுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்; நான் 2 லிட்டரோடு நின்றுவிடுவேன்.

6. முன்னால ஓட்டை வெச்ச பெட்டி நல்லதா, மூடின பெட்டி நல்லதா?

மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே கூம்புக்கு வில்லாக நிற்கிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் அமெரிக்காவில் ஏஆர்-1 என்னும் ஸ்பீக்கரில் இதைத் தெளிவாகப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான், அலமாரியளவு பெட்டி இல்லாமலும் பேஸ் வரும் என்று உலகம் நம்பியது. மூடிய பெட்டி செய்வதற்கு எளிது, அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். க்யூடிஎஸ் 0.5ஐ ஒட்டியோ மேலாகவோ இருந்தால் இதையே செய்யுங்கள்.

ஓட்டை வைத்த பெட்டியில் அந்த ஓட்டை ஒரு குழாயின் வாய். குழாய்க்குள் இருக்கும் காற்றும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்ந்து பேஸை இன்னும் கீழே இறக்கித் தருகிறது. க்யூடிஎஸ் 0.4க்குக் கீழான டிரைவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தும். இங்கே குழாயின் நீளம் பிசகக் கூடாது. குழாயின் உள்விட்டத்தைச் செ.மீ.யில் எடுத்து வர்க்கித்து 23,562.5ஆல் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, விட்டத்தின் 0.732 மடங்கைக் கழித்தால் நீளம் செ.மீ.யில் கிடைக்கும். 3 லிட்டர் பெட்டி, 75 ஹெர்ட்ஸ், 3 செ.மீ. குழாய் என்றால் 10.4 செ.மீ. வருகிறது. குறுகிய குழாயில் காற்று சீறும் என்று அஞ்சி 5 செ.மீ. குழாய் வைத்தாலோ 31 செ.மீ. வேண்டும், அது அந்தப் பெட்டிக்குள் நுழையாது. சிறிய பெட்டியில் குழாய் என்பது எப்போதுமே இந்த இழுபறிதான்.

7. எந்தப் பலகை வாங்கணும்? வீட்டுல ரப்பர் கட்டை கிடக்குது, அது ஆகுமா?

12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும். 2, 3 லிட்டர் பெட்டியின் பக்கங்கள் சிறியவை. தாமாகவே விறைப்பாக நிற்கும். 18 மி.மீ. பலகை போட்டால் மேசையில் இடம்தான் குறையும். உள்ளளவு 11 × 17 × 16 செ.மீ. என்றால் 3 லிட்டர், 12 மி.மீ. பலகையில் வெளியளவு 13.4 × 19.4 × 18.4 செ.மீ. ஆகும். டிரைவரின் காந்தமும் குழாயும் அடைக்கும் இடத்தை இதிலிருந்து கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

நம் நாட்டு எம்டிஎஃப் பெரும்பாலும் ரப்பர் மரத்திலிருந்தே வருகிறது. பால் வற்றிய மரங்களை மறுநடவுக்காக வெட்டும்போது கிடைக்கும் கட்டை அது. ஒரு காலத்தில் விறகாக எரிந்தது, இப்போது மரச்சாமான் தொழிலுக்கே ஆதாரமாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பச்சை ரப்பர் கட்டை வேறு. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் நீலக்கறை பூஞ்சையும் துளைவண்டும் எளிதில் ஏறும். காயும்போது வளையவும் செய்யும். ஆலையில் போரான் கலவையில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்திய பலகை கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எம்டிஎஃபின் பகை ஈரம். வெட்டிய ஓரங்கள் நம் மழைக்கால ஈரப்பதத்தில் உப்பிவிடும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஓரங்களில் பூசி, காய்ந்தபின் தேய்த்து, அதன் மேல் சாயம் அடிக்க வேண்டும். வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

8. உள்ளே பஞ்சு அடைக்கணுமா? இலவம் பஞ்சு போடலாமா?

தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக இடுங்கள். 17 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்குள் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி எதிரொலித்து நிற்கும். பஞ்சு அதை விழுங்கிவிடும். மூடிய பெட்டியின் கொள்ளளவும் சற்றுப் பெருத்ததுபோல் செயல்படும். குழாய் வைத்த பெட்டியில் சுவர்களில் மட்டும் ஒட்டி, குழாயின் வாயைத் திறந்துவிட வேண்டும். இலவம் பஞ்சும் வேலை செய்யும். ஆனால் பூச்சிக்கும் அது பிடிக்கும்.

9. எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர்? நூறு வாட் போட்டாதான் தெறிக்கும்னு சொல்றாங்க.

சிறிய டிரைவர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 85 டெசிபல் தருகின்றன. நீங்கள் அமர்வதோ 70 செ.மீ. தூரத்தில், அங்கே 88 டெசிபல், இரண்டும் சேர்ந்தால் 90ஐத் தாண்டும். நாம் பேசிக்கொள்ளும் ஒலி ஒரு மீட்டரில் 60 டெசிபல் அளவில் இருக்கும். ஆகவே மேசைமுன் நீங்கள் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவிடுவீர்கள். திறனை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே.

டிபிஏ3116 என்னும் ஆம்ப்ளிஃபையர் சில்லு கொண்ட பலகை மலிவாகக் கிடைக்கிறது, 4.5 முதல் 26 வோல்ட் வரை ஏற்கும். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை இணைத்தால் 8 ஓம் டிரைவருக்கு 20 வாட் அளவில் கிடைக்கும். இந்த வழியில் 230 வோல்ட் மின்சாரம் உங்கள் பெட்டிக்குள் நுழைவதே இல்லை என்பதால், தொடக்கக்காரர்களுக்கு இதை மட்டுமே பரிந்துரைக்கிறேன். அடாப்டரில் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

10. கம்பி மிச்சப்படுத்த ரெண்டு ஸ்பீக்கரோட நெகட்டிவையும் ஒண்ணா சேர்த்துட்டா என்ன?

ஆம்ப்ளிஃபையர் கருகக்கூடும். மேலே சொன்ன வகைப் பலகைகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரு முனைகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். கழித்தல் குறி போட்ட முனை தரை அன்று. எனவே அவற்றை ஒன்றோடொன்றும் இணைக்கக் கூடாது, உலோகப் பெட்டியிலும் தொடக் கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி இரட்டைக் கம்பி இழுங்கள்.

11. டுவீட்டர் சேர்க்கணும்னா ஒரு கெப்பாசிட்டர் போட்டா போதும்னு கடைக்காரர் சொன்னாரே?

டுவீட்டர் எரியாமல் காக்க அது போதும். நன்றாக ஒலிக்கப் போதாது. ஒற்றை மின்தேக்கி, அதிர்வெண் பாதியாகும்போது 6 டெசிபல் மட்டுமே குறைக்கும். 8 ஓம் டுவீட்டருக்கு 3,000 ஹெர்ட்ஸில் 6.6 மைக்ரோஃபேரட் என்று கணக்கு வரும். ஆனால் வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான டிரைவர்) டுவீட்டரும் நெடுந்தூரம் ஒரே பகுதியைச் சேர்ந்து ஒலிப்பதால், தலையைச் சற்று அசைத்தாலே குரல் மாறித் தெரியும்.

சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் 1976இல் முன்வைத்த முறையில், 12 டெசிபல் சரிவுக்கு அதே அதிர்வெண்ணில் 3.3 மைக்ரோஃபேரட் மின்தேக்கியும் 0.85 மில்லிஹென்ரி சுருளும் வரும். டுவீட்டரின் முனைகளைத் தலைகீழாக இணைக்க வேண்டும். இதுவும் தொடக்கப் புள்ளிதான். டிரைவரின் 8 ஓம் என்பது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அன்று. ஆகவே வாய்பாட்டில் வந்த மதிப்பை அப்படியே பற்றவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ண முடியாது. அளந்து திருத்தும் வசதி இல்லாதவர்களுக்கு 2ஆம் பதிலையே மீண்டும் காட்டுவேன்.

12. ஆளுக்கு ஆள் நல்லா இருக்குங்கறாங்க, ஆனா என் காதுக்குக் குரல் மட்டும் தகரம் மாதிரி வருது. ஏன்?

அதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். முதலாவது, பெட்டியின் முன்பலகை. உயர்ந்த ஒலியை முன்பலகை முன்னோக்கித் திருப்பிவிடும். தாழ்ந்த ஒலியோ பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடும். 115ஐப் பலகையின் அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி வரும்: 13.4 செ.மீ. பெட்டிக்கு 860 ஹெர்ட்ஸை ஒட்டி. வெட்டவெளியில் இந்த வேறுபாடு 6 டெசிபல். மேசையில் சுவருக்கு அருகில் சுவரே பாதியை ஈடுசெய்வதால், 3 டெசிபல் திருத்தினால் போதும். 3.3 ஓம் மின்தடையையும் 0.6 மில்லிஹென்ரி சுருளையும் இணையாகக் கட்டி, டிரைவருக்குப் போகும் கம்பியில் தொடராக வையுங்கள். கணினியில் மட்டும் கேட்பவர்கள் ஈக்வலைசர் ஏபிஓ என்னும் இலவச மென்பொருளிலேயே இதைச் செய்துவிடலாம்.

இரண்டாவது காரணம் மேசையேதான். டிரைவரிலிருந்து நேரே வரும் ஒலியோடு மேசைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் சற்றுத் தாமதமாகக் காதை வந்தடைந்து, சில அதிர்வெண்களை அழித்துச் சிலவற்றைப் பெருக்கும். ஸ்பீக்கரை மேசையின் முன்விளிம்புவரை இழுத்து வையுங்கள், காது உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது மேல்நோக்கிச் சாயுங்கள். சுற்றில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்; பாதிப் பேருடைய புகார் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

13. லேப்டாப்புக்குச் சார்ஜர் சொருகினதும் 'ஙொய்'ங்குது. டிரைவர் கெட்டுப்போச்சா?

டிரைவர் நலமாகவே இருக்கிறது. மடிக்கணினியின் அடாப்டரும் ஆம்ப்ளிஃபையரின் அடாப்டரும் ஒலிக்கம்பியின் தரைவழியாக ஒரு சுற்றை முடித்துக்கொள்வதால், இரைச்சல் அந்த வழியே வருகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் இதுதான் காரணம். ஒலிக்கம்பியின் நடுவே ஒரு சிறு தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் தீரும். மூன்று முள் பிளக்கின் தரைக் கம்பியை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

14. அப்பா வெச்சிருந்த மினி காம்போ டிரைவரைப் போடலாமா சார்?

முதலில் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பாக இருந்தால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுகள் போகப் போக உதிர்ந்துவிடும். விரலில் பொடியாக ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். விளிம்பு நன்றாக இருந்தால், எஃப்எஸைக் கணினியின் ஒலியட்டையும் ஒரு மின்தடையும் கொண்டே ஆர்ஈடபிள்யூ மென்பொருளில் அளந்துவிடலாம். அறிந்த எடையைக் கூம்பில் ஒட்டி இரண்டாம் முறை அளந்தால் வாஸும் கிடைக்கும். அதன்பின் 5ஆம் பதிலின் கணக்கைப் போட வேண்டியதுதான்.

15. மைக் எதுவும் இல்ல. சரியா செஞ்சிருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெட்டியை மூடுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் டிரைவரின் முனைகளில் தொடுங்கள். கூட்டல் முனைக்குக் கூட்டலைத் தொட்டால் கூம்பு முன்னே வர வேண்டும். இரு ஸ்பீக்கர்களின் கூம்புகளும் ஒரே திசையில் அசையாவிட்டால் பேஸ் காணாமல் போகும். மூடிய பெட்டியில் கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் காற்றுக் கசிவில்லை, சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது.

பிறகு மோனோ பேச்சொலியை, அதாவது இரு ஸ்பீக்கர்களிலும் ஒன்றாகவே வரும் பேச்சை, கேளுங்கள். மின்னல் எஃப்எம் வானொலியின் செய்தி வாசிப்பு இதற்கு மிகவும் ஏற்றது. குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். பாட்டைப் போட்டுச் சோதிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாராட்டிவிடுகிறார்கள்.

16. எல்லாம் சரி அண்ணே, உறுமி மேளம் போட்டா அடி வயித்துல இறங்கலையே. ஈக்வலைசர்ல 40 ஹெர்ட்ஸை ஏத்திட்டா?

ஏற்றலாம், கூம்பு தாங்காது. ஒரே உரப்பைத் தர, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மி.மீ. நகர்கிற கூம்பு 40 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. நகர வேண்டும், 3 அங்குல டிரைவருக்கு அந்த ஓட்டம் கிடையாது. ஈக்வலைசரில் 12 டெசிபல் கூட்டினால் திறனும் 16 மடங்கு வேண்டும். குழாய் வைத்த பெட்டியில் நிலைமை இன்னும் மோசம்: குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டிக் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிக்காததால், அது கட்டின்றி ஆடும். 75 ஹெர்ட்ஸுக்குக் குழாய் வைத்திருந்தால், 65 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மென்பொருளிலேயே வெட்டிவிடுவது டிரைவரின் ஆயுளைக் கூட்டும்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த திறனில் நிறைந்த உரப்பு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாஃப்மனின் விதி. கேஎல்ஹெச் என்னும் ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் அவர் ஒருவர். பிபிசி நிறுவனம் 1970களில் ஒளிபரப்பு வண்டிகளுக்கென்று எல்எஸ்3/5ஏ என்ற சிறிய மூடிய ஸ்பீக்கரை வடிவமைத்தபோது, பேச்சுக்குரல் துல்லியமாக இருந்தால் போதும் என்று ஆழ்ந்த பேஸைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தது.

உறுமிதான் வேண்டும் என்றால் ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமான 8 அங்குல சப்வூஃபர் ஒன்றைத் தனிப் பெட்டியில் மேசைக்கடியில் வைத்து, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை அதனிடம் ஒப்படையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஒலி மேசைக்கடியிலிருந்து வருவது காதுக்குத் தெரிந்துவிடும். வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் அதைச் சாய்க்காமல், அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு வையுங்கள்.